பெண் பார்க்க வந்தவர்களும் என் பத்து நகங்களும்

பதினொரு வயது வரைக்கும் என் கைகளில் நகம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருந்ததில்லை. முளைத்த அன்றே கடித்துத் துப்பிவிடுவேன். விரல்நுனியில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள்; இரண்டு நாள் முகம் சுளித்தேன், மூன்றாம் நாள் அதன் ருசியும் பழகிவிட்டது. மிளகாய் தேய்த்துவிடுவேன் என்று அம்மா மிரட்டினாள். ஆனால் அந்தக் கையோடு நான் கண்ணைக் கசக்கிக்கொள்வேனோ என்ற பயம் அவளுக்கே இருந்ததால் மிரட்டலோடு நின்றுவிட்டாள். கடைசியில் என் பல்லை அடக்கியது சித்திதான். அதுவும் என் மேல் இருந்த அக்கறையால் அல்ல. என் நகங்கள் அவளுக்கு வேண்டியிருந்தன.

சித்தி, அம்மாவின் தங்கை. அம்மாவுக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். பெற்றவர்கள் போனபிறகு அவளை அம்மாதான் வளர்த்தாள், அதனால் சித்தி எனக்குப் பாதி சித்தி, பாதி அக்கா. ரங்கூனின் தாகேதா பகுதியில் எங்கள் வீட்டில் இருந்தது ஒன்றரை அறை. அந்த அரை அறை எங்கள் இருவருக்கும். ஒரே பாயில் படுப்போம், ஒரே சீப்பால் தலை வாருவோம். அவள் தமிழில் கேட்பாள், நான் பாதித் தமிழிலும் பாதி பர்மியத்திலும் பதில் சொல்வேன். காலையில் என் கன்னத்தில் அவள் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசும்போது, மறக்காமல் மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சிரிப்பாள். இந்த உலகத்தில் யாரை ரொம்பப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் அம்மா என்று சொல்லுவேன், அம்மா பக்கத்தில் இருந்தால். இல்லாவிட்டால் சித்தி.

அவள் போட்டாதாங் பக்கம் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தாள். வந்தவர்களின் தலைக்கு ஷாம்பூ போட்டு அலசிவிடுவது அவள் பொறுப்பு. நாலு வருடமாக அதே வேலை. எந்நேரமும் தண்ணீரில் கிடந்து அவளுடைய கைவிரல்கள் ஊறிப்போன அப்பளம் மாதிரி இருக்கும். அந்தப் பார்லரில் ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை உண்டு. அது நகத்துக்குச் சாயமும் படமும் போடுகிற மேசை. சித்தியின் கண் எப்போதும் அந்த மேசை மேல்தான். அங்கே உட்கார்ந்திருந்த பெண் திடீரென்று தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அப்போது அக்டோபர் மாதம். ஊரில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஹாலோவீன் விருந்துக்குப் போவதற்காக நகத்தில் பேயும் மண்டை ஓடும் வரைந்துகொள்ள வரிசையில் வந்து நிற்கிற மாதம். கடைக்கார அம்மாவை எல்லோரும் மமா என்பார்கள். பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். மமா தன் கடைப் பெண்களிடம், "மூன்று வாரம் தருகிறேன். திங்கட்கிழமை காலையில் பத்து நகமும் போட்ட இரண்டு கையை யார் அழைத்துவந்து காட்டுகிறாளோ, பிடித்திருந்தால் மேசை அவளுக்கு" என்று சொல்லிவிட்டார்.

சித்தி தன் இடது கையில் அழகாக வரைந்துவிடுவாள். வலது கையில் இடது கையால் வரைந்தால் பேய் அழுவதுபோல் இருக்கும். எனவே என் கை. எனவே மூன்று வாரம் நகம் கடிக்கக் கூடாது. வீட்டுப்பாடம் எழுதாத நேரமெல்லாம் என் இரண்டு கைகளிலும் பள்ளிக்கூடத்துக் காலுறையை மாட்டிக் கயிற்றால் கட்டிவிட்டாள். நான் காலுறையையே கடித்துக்கொண்டு மூன்று வாரத்தையும் ஓட்டினேன்.

ஹாலோவீன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சித்திக்கும் போனில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும்.

"வெள்ளக்காரங்க பேய்க்கு எடுக்குற திருநாளுடி. பேய் வேசம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போயி மிட்டாய் கேப்பாங்களாம்."

"மிட்டாயி பேய்க்கா, பிள்ளைங்களுக்கா?"

"அத நான் பாக்கலயே" என்று உண்மையை ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவது வாரக் கடைசியில், சனிக்கிழமை மதியம் லீவு கேட்டு வந்துவிட்டாள். ஜன்னலடியில் பாயை விரித்து என்னை உட்காரவைத்து, எதிரில் தன் சாமான்களைப் பரப்பினாள். பார்லரில் தூக்கிப்போட இருந்த சாயப் புட்டிகள், அடியில் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியவை. கறுப்பு இருந்தது, சிவப்பு இருந்தது, நிறமில்லாததும் இருந்தது. பூசணிக்காய் நிறம் இல்லை. நிறமில்லாத சாயத்தில் சமையலறை மஞ்சள்தூளைக் குழைத்து, ஒரு சொட்டுச் சிவப்பு விட்டு, கவிழ்த்த தட்டின் மேல் அந்த நிறத்தை உண்டாக்கினாள். வெள்ளை தீர்ந்தபோது என் பள்ளிப் பையிலிருந்து எழுத்து அழிக்கும் ஒயிட்னரை எடுத்துக்கொண்டாள். தூரிகை என்பது என்னுடைய பழைய பெயின்ட் பிரஷ். நாலே நாலு மயிரை விட்டுவிட்டு மீதியைக் கத்தரித்திருந்தாள்.

கட்டைவிரல் இரண்டிலும் பல் இளிக்கும் பூசணிக்காய். ஆள்காட்டி விரலில் மண்டை ஓடு. நடுவிரலில் சிலந்தி வலை. மோதிர விரலில் வெள்ளைப் பேய். சுண்டு விரலில் மேலேயிருந்து வழிகிற ரத்தம். மூன்று மணி நேரம் நான் கையை அசைக்கவில்லை. மூக்கு அரித்தால் சித்தி சொறிந்துவிட்டாள். நடுவில் கரண்டு போய் மின்விசிறி நின்றது. என் கணக்கு நோட்டால் என் முகத்துக்கும் நகத்துக்கும் மாறி மாறி விசிறினாள். வலது கட்டைவிரல் பூசணிக்காய்க்கு வாய் வரையும்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. வாயின் இரண்டு முனையும் மேலே இழுத்துக்கொண்டு, பூசணிக்காய்க்கு முறுக்கு மீசை முளைத்துவிட்டது. சித்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு இடது கட்டைவிரலிலும் அதேபோல் மீசை வைத்துவிட்டாள், வேண்டுமென்றே வைத்ததுபோல் இருக்கட்டும் என்று.

அப்போதுதான் அம்மா போனும் கையுமாக உள்ளே வந்தாள். அடுத்த ஞாயிறு சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்த பெகு வீட்டுக்காரர்கள், ரங்கூனுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்களாம். வந்தது வந்தோம், நாளைக்கே பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லி முடித்த பிறகுதான் அம்மா என் கையைப் பார்த்தாள்.

"என்னடி இது கண்றாவி! நல்ல காரியம் பேச வர்றாங்க, மண்ட ஓட்டப் போட்டு வச்சிருக்க. அழி மொதல்ல."

"அக்கா, மூணு மணி நேரம்க்கா. திங்கக்கெழம காலயில மமாகிட்டக் காட்டணும்."

"போட்டா எடுத்துக் காட்டு."

"போட்டாவுல யாரு நகத்த வேணும்னாலும் காட்டலாம்னு மமா நம்பமாட்டாங்க."

அம்மாவின் கவலை எனக்கு அன்று பிடிபடவில்லை. அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து, கேசரி சாப்பிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். பார்லர் வேலை என்றதும் முகம் மாறிவிட்டதாக அம்மா நினைத்தாள். எனவே இந்த பெகு வீட்டாரிடம் பெண் சோப்பு, சீப்பு, பவுடர் விற்கிற கடையில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். பார்லரிலும் சோப்பும் சீப்பும் இருக்கத்தான் செய்கின்றன என்பது அவள் நியாயம்.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சித்தி தன் கையில் போட்டுப் பழகியதை அழித்துவிட வேண்டும். என் கையில் இருப்பது இருக்கலாம். ஆனால் வந்தவர்கள் கிளம்பும்வரை நான் அடுப்படியைவிட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. சித்தியின் தலைமேல் கை வைத்து நான் சத்தியம் செய்தேன். நகத்தில் பட்டுவிடாமல் இருக்கக் கையில் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்ததால் சத்தியம் சரசரவென்று கேட்டது.

அதுவரைக்கும் பெண் பார்ப்பது என்றால் பார்த்துவிட்டுப் போவது என்றுதான் நினைத்திருந்தேன். முன்னால் வந்த இருவரும் அப்படித்தானே செய்தார்கள்? அன்று மாலை அம்மா அப்பாவிடம், "இது அமைஞ்சா அவ பெகுவுக்குப் போயிருவா, நமக்கும் வீடு வெறிச்சுன்னு ஆயிரும்" என்று சொல்வது காதில் விழுந்தது. பெகு இரண்டு மணி நேரப் பயணம். எனக்கு அது வேறு கண்டம். சித்தி நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடிக்கடி மூக்கை உறிஞ்சினாள். அவளுக்குப் போக இஷ்டமில்லை, சொல்ல வாயில்லை என்று நானே முடிவு கட்டினேன். அவளைக் காப்பாற்ற வீட்டில் என்னைவிட்டால் ஆள் ஏது?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் பெரிய அத்தை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால், வேறு ஊரில் இருந்தாலும் இந்த மாதிரிக் காரியங்களில் பேச்செல்லாம் அத்தையுடையது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் கேசரி, பக்கத்தில் தட்டு நிறைய ஊறவைத்த தேயிலை, வறுத்த பருப்பு, பூண்டு. விருந்தாளிக்கு இந்த லப்பெத் தேயிலை வைக்காமல் எந்த வீட்டிலும் பேச்சு தொடங்காது. சித்தி பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படித் திரையின் ஓட்டை வழியாக நான் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை பருப்பை மென்றுகொண்டே கேள்வி கேட்டார். என்ன படிப்பு, என்ன நட்சத்திரம், ஏன் இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

"கடையில வேலைனீங்களே, என்ன கடை?"

"சோப்பு, சீப்பு, பவுடர் மாதிரி" என்றாள் அம்மா. அப்பா மின்விசிறியை ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்.

அத்தைக்குப் பருப்பு தொண்டையில் சிக்கியது. தண்ணீர் என்று சைகை காட்டினார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று எனக்குத் தெரிந்தது. அம்மா எழுவதற்குள் தட்டில் நாலு டம்ளரை வைத்து, பத்து விரலும் நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, திரையை விலக்கி வெளியே வந்தேன். சத்தியம் செய்த கையாலேயே.

அத்தை டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். அப்புறம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயய்யோ, மண்ட ஓடு! நல்ல காரியம் பேசுற வீட்டுல மண்ட ஓடா!"

டம்ளர் சாய்ந்து தண்ணீர் தட்டு முழுக்க ஓடி என் கட்டைவிரல்களை நனைத்தது.

"யாரு போட்டுவிட்டது இத?"

"சித்திதான்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "அவங்க பார்லர்ல வேல பாக்குறாங்க. இதெல்லாம் அங்க பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் இல்லை. காரியம் முடிந்தது, இனி கேசரியை முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் குதித்தேன்.

சித்தி பாயிலிருந்து எழுந்து வந்தாள். கிள்ளுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். என் வலது கட்டைவிரலைப் பிடித்து, அத்தனை கவனமாக இஸ்திரி போட்ட சேலை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் இடது கட்டைவிரல். "அழியல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன் பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என் விரலைப் பிடித்தபடியே அப்படியே நின்றுவிட்டாள்.

அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளையின் அம்மா, "இங்க வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். என் கைகளைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். தலையை நிமிர்த்திச் சித்தியைப் பார்த்தார். மறுபடி நகத்தைப் பார்த்தார்.

"அண்ணி, இது திருஷ்டிப் பூசணிக்காதானே" என்றார். "மீசயப் பாருங்க. நல்ல காரியத்துல கண்ணு படக்கூடாதுன்னு பிள்ள கையில போட்டு வச்சிருக்காங்க."

அத்தை சந்தேகத்தோடு குனிந்தார். "அப்ப இந்த மண்ட ஓடு?"

"காளியாத்தா கழுத்துல என்ன, மல்லிகப் பூவா கெடக்கு?"

"செலந்தி வல?"

ஒரு நொடி யோசித்தார். "கெட்ட கண்ணு வந்தா அதுல மாட்டிக்கும்."

மாப்பிள்ளைக்கு லப்பெத் புரையேறியது. அவர் அன்று எழுப்பிய ஒரே சத்தம் அதுதான். அத்தையின் முகம் மெல்ல மெல்ல மாறியது. என் கையை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். மஞ்சள் வாசனை வேறு வந்திருக்கும். "இதெல்லாம் இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க தெரியுது" என்று சித்தியை ஏற இறங்கப் பார்த்தார், இம்முறை மரியாதையாக.

நான் விடவில்லை. "இல்ல, இது திருஷ்டி இல்ல, வெள்ளக்காரப் பேய்க்குத் திருநா..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயில் ஒரு கவளம் கேசரியை வைத்து அடைத்தாள். வாழ்நாளில் அம்மா எனக்கு அவ்வளவு வேகமாக ஊட்டியதில்லை.

கிளம்புவதற்கு முன் அத்தை தன் கட்டைவிரலைச் சித்தியிடம் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு போடு. என் மேல படுற கண்ணு கொஞ்சநஞ்சமில்ல." சித்தி தட்டையும் மஞ்சளையும் கொண்டுவந்து, நாற்காலியடியில் உட்கார்ந்து, அத்தையின் தடித்த நகத்தில் ஒரு மீசைப் பூசணிக்காய் வரைந்தாள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவைப்போல ஒரு அசடு இந்த பர்மாவிலேயே இருக்க முடியாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மண்டை ஓட்டுக்கும் காளியாத்தாவுக்கும் முடிச்சுப் போடுகிற ஒருத்தியிடம் என் சித்தியை அனுப்பப் போகிறார்களே!

மறுநாள் காலை மமா என் நகங்களைப் பார்த்தார். பூசணிக்காயின் மீசையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இதை எந்தப் போனிலும் பார்த்ததில்லை என்று சொல்லி மேசையைச் சித்திக்கே கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் நகச்சாயம் கூடாது என்பதால் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி சித்தி என் பத்து நகங்களையும் துடைத்துவிட்டாள். கல்யாணம் வரைக்கும் அவள் அந்த மேசையில் இருந்தாள். கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து பத்து நகத்தையும் நான் ஒட்டக் கடித்துத் தீர்த்தேன்.

அடுத்த வருடம் அக்டோபர் விடுமுறைக்கு பெகு போனேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி மூட்டைக்கு இந்தப் பக்கம் சித்திக்கு ஒரு நக மேசை போட்டுக் கொடுத்திருந்தார். கடை வாசலில் சரஞ்சரமாக பிளாஸ்டிக் பூசணிக்காய்களும் ரப்பர் மண்டை ஓடுகளும் தொங்கின. பர்மியப் பிள்ளைகள் ஹாலோவீன், ஹாலோவீன் என்று மொய்த்தார்கள். அவர் முகமூடி ஒன்றைத் தன் முகத்தில் மாட்டிக்காட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் சித்தி சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டேன்.

"உங்க சித்தி வர்றதுக்கு முந்தியே மூணு வருசமா விக்கிறேன்."

"அப்ப அன்னிக்கு என் நகத்துல இருந்தது..."

"தெரியாம என்ன" என்றார், முகமூடியைக் கழற்றாமலே. "நீ அவள நல்லா மாட்டிவிட்ட. அவ ஒன்ன மொறைக்கக்கூட இல்ல. நனஞ்சு போச்சே, அழிஞ்சிருச்சான்னு பாத்தா. நாங்க மூணு பேரு ஒக்காந்திருக்குறதே அவளுக்கு மறந்துபோச்சு. இது போதும்னு எனக்குப் பட்டுச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மட்டும் அடுப்படியிலேயே இருந்திருந்தால் சித்தி தாகேதாவிலேயே இருந்திருப்பாள் என்ற ஒரு கணக்குத்தான் எட்டியது. என்னை நானே நொந்துகொண்டேன்.

இப்போது எனக்குச் சித்தியின் அன்றைய வயது நெருங்குகிறது. போன மாதம் என்னையும் பார்க்க வந்தார்கள். நாலு நாற்காலி, எட்டுக் கண். படிப்பைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், சேலை என்ன விலை இருக்கும் என்று பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாயைச் சுருட்டும்போது எனக்கு அழுகை வந்தது, கூடவே சித்தியின் அழுகையும் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெகு வீட்டார் படியிறங்கியதும் சித்தி அடுப்படிக்கு வந்தாள். நான் மூலையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தேன்.

"வேணும்னேதான வெளிய வந்த?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். மூன்றாவது முறையாகப் பாயில் உட்கார்ந்தவளை அன்று ஒரு மனுஷி நிமிர்ந்து பார்த்துவிட்டாள் என்பதற்காக அவள் அழுகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் துக்கம்தான் அவளுக்கும் என்று நினைத்தேன். நகம் எதிலும் பட்டுவிடாமல் புறங்கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "அழாத சித்தி, நான் எப்படியாச்சும் இத நிறுத்திப்புடுறேன்" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.